ஒன்றுக்குப் பன்னிரண்டு: பள்ளிக்கூடச் சாய்தளத்தின் கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பாருங்கள். வகுப்பறைக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும். சில இடங்களில் இரும்புக் குழாயில் கைப்பிடி, சில இடங்களில் அதுவும் இருக்காது. பையன்கள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். மழை வந்தால் யாராவது அதன் வழியாக டூவீலரை வராந்தாவில் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கர நாற்காலி ஏறி நான் பார்த்ததில்லை. "அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கள் பள்ளியில் யாரும் இல்லையே" என்று பதில் வரும். பிள்ளைகள் இல்லாததால் சரிவு சும்மா கிடக்கிறதா, இல்லை, சரிவு அப்படி இருப்பதால் பிள்ளைகள் வரவில்லையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டு போனதில் எழுதியதுதான் இது.

காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு கொத்தனார் வேலையில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். பொறுங்கள், கடைசியில் விஷயம் ஆடிட்டிங்கில்தான் வந்து நிற்கும்.

முதலில் அந்த எண். சாய்தளம் என்றால் 1:12. அதாவது ஓர் அங்குலம் உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். மேஸ்திரி பாஷையில் சொன்னால் அடிக்கு ஓர் அங்குலம். கோணத்தில் சுமார் 4.8 டிகிரி. இதைவிடச் செங்குத்தாகப் போனால் அது சக்கர நாற்காலிக்கான பாதை இல்லை. இந்தியாவில் 2016-லும் பிறகு 2021-லும் மத்திய அரசு வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்களிலும் இதுதான் அதிகபட்சம். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இரண்டு பக்கமும் கைப்பிடி, அதுவும் பெரியவருக்கு ஓர் உயரத்தில், குழந்தைகளுக்குக் கொஞ்சம் தாழ்வாக இன்னொன்று. மேலேயும் கீழேயும் நாற்காலி நின்று திரும்புவதற்குச் சமதளம்.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, ஆனால் உயிர் பிழைத்து, அரசு செலவில் படிக்கக் காத்திருந்த இளம் சிப்பாய்கள் அங்கே நிறையப் பேர். 1948-ல் கேல்ஸ்பர்க் என்ற ஊரில், பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டிடத்தில் நடந்த கல்லூரியில் டிமோத்தி நூஜென்ட் என்பவர் இவர்களுக்காக ஒரு திட்டம் ஆரம்பித்தார். ஒரே வருடத்தில் அந்தக் கல்லூரியை மூடுவதாக முடிவாயிற்று. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு வரைக்கும் போய்ப் போராடினார்கள். 1949-ல் திட்டம் முதன்மை வளாகமான அர்பானாவுக்கு மாறியது. அங்கேதான் கட்டிடம் கட்டிடமாகச் சாய்தளம் முளைத்தது. பிறகு அதே நூஜென்ட் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலன், 1961-ல் ஏ117.1 என்ற பெயரில் அமெரிக்கத் தர அமைப்பு வெளியிட்ட விதித் தொகுப்பு. உலகத்திலேயே முதல் அணுகல் தர விதி என்று இதைத்தான் சொல்கிறார்கள். மிகச் சிறிய ஆவணம். அதில்தான் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நூஜென்ட் கண்ணெதிரே தினமும் நாற்காலி தள்ளிக் கொண்டிருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பலர் முன்னாள் ராணுவத்தினர், கூடைப்பந்து ஆடியவர்கள். தோளில் பலம் இருந்தது. அவர்கள் மத்தியில் பிறந்த எண், ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. பிரிட்டனில் இதற்கு ஒரு தெளிவான வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1:12 என்பது இரண்டு மீட்டர் நீளத்துக்கு மட்டும். ஐந்து மீட்டர் என்றால் 1:15, பத்து மீட்டர் என்றால் 1:20. நீளம் கூடக் கூட சரிவு மெதுவாக வேண்டும். போலியோவால் பாதிக்கப்பட்ட கட்டிடக் கலைஞர் செல்வின் கோல்ட்ஸ்மித் 1963-ல் எழுதிய வடிவமைப்புக் கையேடுதான் அங்கே இந்தத் துறைக்கு அஸ்திவாரம். அதற்குப் பிறகு அவர் நார்விச் நகரத்தில் சக்கர நாற்காலிக்காரர்களை நேரில் கண்டு, எங்கே இடிக்கிறது என்று கேட்டு ஆய்வு செய்தார். உபயோகிக்கிறவரைக் கேட்டு அளவு எடுக்கும் இந்த வழக்கம் நம் பக்கத்தில் தையல்காரரிடம்தான் மிச்சமிருக்கிறது.

1961 விதி கட்டாயமில்லை. விருப்பமிருந்தால் செய்யலாம். விருப்பம் எத்தனை பேருக்கு இருக்கும்? 1968-ல் மத்திய அரசுக் கட்டிடங்களுக்கு மட்டும் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1973-ல் அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது, ஆனால் அதற்கான விதிகளில் நான்கு வருடம் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேலாக வெளியே வர மறுத்து உட்கார்ந்து கொண்டார்கள். கையெழுத்து விழுந்தது. அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். ஐந்து வயதில் அவரைப் பள்ளியில் சேர்க்க அம்மா கொண்டு போனபோது, சக்கர நாற்காலிப் பிள்ளை தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர். வளர்ந்து ஆசிரியர் வேலைக்குப் போனபோதும் அதே மாதிரிக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டு, 1970-ல் நியூயார்க் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு வாத்தியார் ஆனவர்.

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தக் கதையை வேலூரில்தான் ஆரம்பிக்க வேண்டும். மேரி வர்கீஸ் சி.எம்.சி.யில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்ட, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சாய்தளமெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு இப்போதுதான் வந்தது" என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக. அமெரிக்காவில் முதல் விதி அச்சாவதற்கு முன்பே வேலூரில் ஒரு டாக்டர் சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்க் கொண்டிருந்தார்.

விதியும் நம்மிடம் புதிது இல்லை. ஊனமுற்ற குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் 1974-லேயே வந்துவிட்டது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4963 என்ற விதித் தொகுப்பு 1987-லேயே உண்டு. ஆனால் சட்டம் 1995-ல்தான் வந்தது, 1996 பிப்ரவரியில் அமலானது. அந்தச் சட்டத்தில் சாய்தளம் பற்றிய பிரிவை வாசித்தால் ஒரு சிரிப்பு வரும். அரசுகள் தங்கள் பொருளாதார சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு இதையெல்லாம் செய்யும் என்று எழுதியிருந்தது. கடன் பத்திரத்தில் "என்னால் முடிந்தபோது திருப்பித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அப்படி எழுதியதை எந்த செட்டியார் கடையிலாவது வாங்குவார்களா?

2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தார். குதுப்மினார் பார்க்க ஆசைப்பட்டார். தொல்லியல் துறையின் இடங்களில் சாய்தளம் கிடையாது. ஜாவேத் அபிதி உள்ளிட்ட செயல்பாட்டாளர்கள் விடாமல் வற்புறுத்தியதில் அவசர அவசரமாக மரப்பலகையில் சாய்தளம் செய்து போட்டார்கள். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி வந்தால் நமக்குச் சில நாளில் சாய்தளம் போட முடிகிறது. ஆக, பொருளாதார சக்தி ஒரு காரணமே இல்லை!

அதே காலத்தில்தான் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. புதிதாகக் கட்டும் வகுப்பறைகளோடு சாய்தளமும் வர ஆரம்பித்தது. 2004 மக்களவைத் தேர்தல் சமயத்தில் வாக்குச்சாவடிகளில் சாய்தளம் வேண்டும் என்று விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், உத்தரவும் வந்தது. வாக்குச்சாவடி என்றால் நம் ஊரில் பள்ளிக்கூடம்தானே. ஓட்டுப் போட ஒரு நாள் வருகிறவருக்காகப் போட்ட பலகைகளும் சரிவுகளும், வருடம் இருநூறு நாள் வரவேண்டிய பிள்ளைக்கும் பயன்பட்டால் நல்லதுதான். ஆனால் ஓட்டுப் போட வருகிறவரை நான்கு பேர் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டுவிடலாம், தேர்தல் முடிந்துவிடும். பிள்ளையின் விஷயம் அப்படி முடிவதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக் கட்டிடத்துக்குத் "தடையில்லா அணுகல்" வேண்டும் என்பது, கழிப்பறை, குடிநீர், சமையலறை இவற்றோடு சேர்ந்தே வருகிறது. 2010 ஏப்ரலில் அமலாகி, மூன்று வருடத்துக்குள் எல்லாப் பள்ளிகளும் செய்து முடித்திருக்க வேண்டும்.

இப்போது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இதை நான் எங்கும் படிக்கவில்லை, டேப்பைப் பிடித்துப் பார்த்தபோது தோன்றியது.

கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் இங்கேதான் கடலில் விழுகின்றன. எங்கேயோ பெய்த மழை இங்கே வந்து வடியும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்த ஊர். அதனால் இங்கே கட்டிடம் கட்டுகிறவர் முதலில் யோசிப்பது பேஸ்மட்டத்தின் உயரம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது. சிதம்பரத்துப் பழைய தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் படி ஏறித்தான் போகும்படி இருப்பதற்கும் இது ஒரு காரணம். (அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடமே படி ஏறித்தான்!) இப்போதும் பள்ளிக் கட்டிடங்கள்தான் வெள்ளக் காலத்தில் நிவாரண முகாம். ஆகவே உயரம் வேண்டும், அதில் தப்பில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். பேஸ்மட்டம் ஒன்றரை அடி உயரம் என்றால் 1:12-ல் சாய்தளம் 18 அடி நீளம். நான்கடி அகலத்தில் கட்டினால் அதன் கன அளவு 54 கன அடி. அதே பேஸ்மட்டத்தை வெள்ளத்துக்குப் பயந்து மூன்றடியாக உயர்த்தினால் நீளம் 36 அடி, கன அளவு 216 கன அடி. உயரம் இரண்டு மடங்கு, சாமான் நான்கு மடங்கு. நடுவில் ஓய்வுக்கான சமதளம், நீண்ட கைப்பிடி எல்லாம் தனி. எஸ்டிமேட்டில் "சாய்தளம் ஒன்று" என்று ஒரே வரி, அதற்கு ஒரு தொகை. தொகை உயரத்துக்கு ஏற்றபடி நான்கு மடங்கு ஆகாவிட்டால், கான்ட்ராக்டர் என்ன செய்வார்? இருக்கிற காசுக்குள் முடிக்க நீளத்தைக் குறைப்பார். மூன்றடி உயரத்துக்கு 12 அடியில் இறக்கினால் 1:4. சாமான் 72 கன அடி, சரியான அளவில் மூன்றில் ஒரு பங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் சாய்தளம்தான். போட்டோவில் இன்னும் நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்தில் ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) நான் அளந்தது 22 அங்குல உயரத்துக்கு ஒன்பது அடி நீளம். அதாவது ஏறக்குறைய 1:5. 22 அடி வேண்டிய இடத்தில் ஒன்பது. கீழே இறங்கும் இடத்தில் சரியாக ஒரு வேப்ப மரம். மரத்தைக் குறை சொல்ல முடியாது, அது முன்னாலேயே இருந்தது.

1:4-க்கும் 1:12-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால் இதுதான். பிள்ளையும் நாற்காலியும் சேர்ந்து 50 கிலோ என்று வையுங்கள். 1:12 சரிவில் பின்னால் இழுக்கும் எடை சுமார் 4 கிலோ. 1:6-ல் 8 கிலோ. 1:4-ல் 12 கிலோ. ஒரு பிள்ளை இரண்டு கையால் சக்கரத்தை உருட்டி 12 கிலோவை மேலே தள்ள வேண்டும், ஒவ்வொரு முறை கையை மாற்றிப் பிடிக்கும்போதும் நாற்காலி பின்னால் உருளும். அதைவிட மோசம், சரிவு கூடினால் நாற்காலி முன்சக்கரம் தூக்கி மல்லாக்க விழும். இறங்கும்போது நேராகப் போய் முட்டும். படிக்கட்டில் யாரும் சக்கர நாற்காலியை விடமாட்டார்கள், ஆபத்து என்று தெரியும். செங்குத்தான சாய்தளத்தில் நம்பி விடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த வகையில் தப்பான சாய்தளம் படிக்கட்டைவிடக் கெடுதல்.

அப்போது பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வரும்? அம்மா இடுப்பில் வைத்துத் தூக்கி வருவார். ஐந்தாம் வகுப்பு வரை தூக்கலாம். ஆறாம் வகுப்பில் பள்ளி மாறும், தூரம் கூடும், பிள்ளையின் எடையும் கூடும். பெண் பிள்ளையாக இருந்தால், பெரிய மனுஷி ஆன பிறகு யார் தூக்கிப் போவது என்று வீட்டிலேயே பேச்சு நின்றுவிடும். பதிவேட்டில் "வீட்டுவழிக் கல்வி" என்று ஒரு பத்தி இருக்கிறது, பெயர் அங்கே போய்விடும். நோய் முற்றிய பிள்ளைகளுக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் 13 அடி சிமெண்ட் குறைந்ததற்காக ஒரு பெயர் அந்தப் பத்திக்குப் போகக்கூடாது. சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர், சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைக்க வேண்டும் என்று நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். வாசலோடு நிறுத்தப்பட்டவர் நந்தனார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அவர் பெயரில் பள்ளி நடத்தத் தெரிந்த ஊர் இது. படிக்கட்டும் ஒரு வாசல்படிதான் என்று இந்த ஊருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இப்போது ஆடிட்டிங். பி.காம். படிக்கிறவர்களுக்கு கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு ஞாபகம் இருக்கும். 1896, இங்கிலாந்து. மில் மேனேஜர் வருடா வருடம் சரக்கு இருப்பை ஏற்றி எழுதி சர்டிஃபிகேட் கொடுத்தார். ஆடிட்டர்கள் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட்டும் "ஆடிட்டர் துப்பறிகிறவர் இல்லை, சந்தேகம் வர முகாந்திரம் இல்லாதபோது பொறுப்பான அதிகாரி சொன்னதை நம்பியது தப்பில்லை" என்று விட்டுவிட்டது. நாற்பது வருடம் கழித்து அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் மோசடி 1938-ல் வெடித்தது. கிடங்கில் இல்லவே இல்லாத சரக்கு புத்தகத்தில் கோடிக்கணக்கில் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆடிட்டர் நேரில் போய்ச் சரக்கு எண்ணப்படுவதைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் உறுதியானது.

பள்ளிச் சாய்தளம் இன்னும் 1896-லேயே நிற்கிறது. பள்ளிகளின் புள்ளிவிவரம் ஒவ்வொரு வருடமும் யூடைஸ் படிவத்தில் போகிறது. நிரப்புவது அந்தந்தப் பள்ளி. 2021-22 கணக்குப்படி கைப்பிடியோடு கூடிய சாய்தளம் இந்தியப் பள்ளிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான கழிப்பறை 27 சதவீதப் பள்ளிகளில்தான். இந்த எண்களே வருத்தம்தான், ஆனால் என் கவலை வேறு. அந்தப் பாதியில் நான் அளந்த ஒன்பது அடியும் ஒரு "ஆம்". 22 அடியில் ஒழுங்காகக் கட்டியதும் ஒரு "ஆம்". சரிவு எத்தனை என்பது அந்தச் சதவீதத்துக்குள் எங்கும் இல்லை. தலைமையாசிரியரை நான் குற்றம் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு அவர் உண்மையாகத்தான் பதில் எழுதியிருக்கிறார்.

சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2016-ல் வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலானது. அதில் "பொருளாதார சக்திக்கு உட்பட்டு" என்ற சாக்கு இந்த விஷயத்தில் போய்விட்டது. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டிடங்களையும் விதிகள் வந்து ஐந்து வருடத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த பொதுநல வழக்கில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரிசையாக உத்தரவுகள் போட்டது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8-ல் வந்த தீர்ப்புதான் முக்கியம். அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த 15-வது விதி, மூலச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, எவையெல்லாம் கட்டாயம் என்று பிரித்து மூன்று மாதத்துக்குள் புதிய விதி செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 1961-ல் அமெரிக்காவில் இருந்த அதே ஓட்டை. "செய்யலாம்" என்பதற்கும் "செய்ய வேண்டும்" என்பதற்கும் நடுவில் நம் பக்கத்தில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பாதிக்கு மேல் பெற்றோர்கள்தான் உறுப்பினர்கள். குழு தீர்மானம் போட்டால் அது ஏட்டில் ஏறும். தீர்மானத்தில் "சாய்தளம் சரியில்லை" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "உயரம் 22 அங்குலம், நீளம் 9 அடி, தேவை 22 அடி" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். ஓர் இஞ்ச் டேப் போதும். வராந்தாவின் தரையிலிருந்து மண் தரை வரை உயரத்தை அங்குலத்தில் அளங்கள். எத்தனை அங்குலமோ அத்தனை அடி நீளம் சாய்தளத்துக்கு வேண்டும். டேப் இல்லையென்றால் போனில் ரசமட்டம் ஆப் இருக்கிறது, சரிவின் மேல் வைத்துப் பாருங்கள், 4.8 டிகிரிக்கு மேல் காட்டக் கூடாது. 1:8 என்றால் 7 டிகிரி, 1:4 என்றால் 14 டிகிரி காட்டும். மேலே ஏறி முடிக்கிற இடத்தில் வகுப்பறை வாசலில் நிலைப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அங்குல நிலைப்படி போதும், ஏறி வந்ததெல்லாம் வீண். அப்புறம் அங்கிருந்து கழிப்பறைக்குப் போய் அந்தக் கதவின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.